பிளாக்அவுட் கர்ட்டன், ஆறு மாசத்துக்கு அப்புறம்: இருட்டு வருது, எவ்ளோ வேகத்துல வருதுங்கிறதுதான் பஞ்சாயத்து

இந்த கர்ட்டனை மாட்டின அன்னிக்கே ரிவ்யூ போட்டிருந்தா யோசிக்காம அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன், நல்லவேளை சோம்பேறித்தனத்துல போடல. இப்ப ஆறு மாசம் ஆச்சு, மூணரை ஸ்டார், அதுலயும் அந்த அரை ஸ்டார் கர்ட்டனுக்கு இல்ல, அதுல இருக்கற ஓட்டைக்கு. கொஞ்சம் நீளமா போகும். வாங்கலாமா வேண்டாமானு மட்டும் தெரிஞ்சா போதும்னா அளவு பத்தின பாராவையும் கடைசி ரெண்டு பாராவையும் படிச்சுட்டு கிளம்பிடுங்க, தப்பா நினைக்க மாட்டேன்.

எனக்கு நைட் ஷிஃப்ட். காலைல நான் வந்து படுக்கறப்பதான் சூரியனுக்கு ட்யூட்டி ஆரம்பிக்கும், ரூம் ஜன்னல் வேற நேரா கிழக்கு பாத்தது, பழைய துணித் திரைல வெளிச்சம் சல்லடைல மாவு விழற மாதிரி கொட்டும். ரெண்டு வருஷம் தலகாணிய மூஞ்சி மேல கவுத்துப் படுத்துப் பாத்துட்டு, இனி ஆகாதுன்னு "100% இருட்டு"ன்னு கொட்டை எழுத்துல போட்டிருந்த ஒண்ணை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணேன். பிராண்டு பேர் சொல்லல, சொல்லப்போற குறை பாதி இந்த மாதிரி கர்ட்டன் எல்லாத்துக்குமே பொருந்தும்.

துணி நல்ல துணி, அதுல பேச்சே இல்ல. முன்பக்கம் சாதாரண துணி மாதிரிதான் இருக்கு, பின்னாடி ரப்பர் மாதிரி ஒரு பூச்சு, மூணு தடவை பூசறாங்க, நடுப்பூச்சு கருப்பு, அந்த கருப்புதான் வேலையே செய்யுது, மத்த ரெண்டும் அதை மறைக்க. மொபைல் டார்ச்சை துணியோட ஒட்டி வச்சு இந்தப் பக்கம் பாத்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரல. பெட்டி பிரிச்சப்ப கொஞ்சம் பெயிண்ட் நாத்தம் இருந்துச்சு, நாலு நாள் காத்துல போட்டதும் போயிடுச்சு.

சரி, மாட்டியாச்சு, இழுத்து விட்டேன், கும்மிருட்டு. "அடேங்கப்பா"ன்னு படுத்தேன். ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சு சீலிங்ல ஒரு கோடு தெரியுது. பத்து நிமிஷத்துல ஃபேன் இறக்கை தெரியுது. இருபது நிமிஷம் ஆனப்ப பீரோ கைப்பிடி, கதவுல தொங்கற சட்டை, எல்லாம் சாம்பல் கலர்ல எந்திரிச்சு நிக்குது. கர்ட்டன்ல எதுவும் மாறல, மாறினது என் கண்ணு. நம்ம கண்ணுல கலர் பாக்கற செல்லுங்க இருட்டுக்கு பழகி முடிக்க பத்து நிமிஷம் கிட்ட ஆகும், மங்கல் வெளிச்சத்துக்குன்னே இருக்கற இன்னொரு வகை செல்லுங்க முழுசா தயாராக அரை மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கும். இது தெரியாமதான் ஆளாளுக்கு மாட்டின ரெண்டாவது நிமிஷம் போட்டோ எடுத்து "செம்ம இருட்டு, ஒர்த்து"ன்னு அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போறாங்க. தயவு செஞ்சு அரை மணி நேரம் உள்ள உக்காந்துட்டு அப்புறம் ரிவ்யூ எழுதுங்கப்பா.

அளவு. இதுலதான் எல்லாரும் ஏமாறோம். ஜன்னல் அகலத்துக்கே வாங்கினா வேஸ்ட்டு, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாண் தாண்டி போகணும், மேலயும் கீழயும் அதே மாதிரி. ராடு சுவத்துல இருந்து தள்ளி நிக்கும்ல, அந்த இடுக்குதான் பெரிய வாசல், சீலிங்ல விழுற கோடு அங்கருந்துதான் வருது. ராடோட ரெண்டு முனையும் வளைஞ்சு சுவத்தைத் தொடற மாடல் கிடைக்குது, அதைப் போடுங்க. ரிங் வச்ச மாடல் வேண்டாம், ரிங்குக்கு ரிங் துணி மடிஞ்சு நிக்கிற இடத்துல எல்லாம் மேல திறந்து கிடக்கும். நான் ரிங் மாடல்தான் வாங்கித் தொலைச்சேன்.

இதெல்லாம் பொறுத்துக்கலாம். பொறுத்துக்க முடியாத ஒண்ணு தையல். பூச்சு பூசி முடிச்ச துணிய மெஷின்ல தைச்சிருக்காங்க, ஊசி ஏறி இறங்கின ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஓட்டை, நூல் அதை முழுசா அடைக்கல. சாதா துணின்னா இழை நகர்ந்து மூடிக்கும், பூச்சு போட்டதுல குத்தினா குத்தினதுதான். காலைல வெயில் நேரா அடிக்கறப்ப மேல் ஓரம் பூரா வரிசையா நட்சத்திரம் மாதிரி மின்னும். அதுல நாலஞ்சு ஓட்டை கொஞ்சம் பெருசு, அதுங்க வழியா வர்ற வெயில் எதிர் சுவத்துல வட்ட வட்டமா விழும், ஒவ்வொண்ணும் மூணு செமீக்கு கொஞ்சம் கம்மி. ஓட்டை ஒழுங்கா வட்டமே கிடையாது, கிழிசல் மாதிரி இருக்கு, சுவத்துல மட்டும் எப்படி அவ்ளோ அழகான வட்டம்? ஏன்னா அது ஓட்டையோட உருவம் இல்ல, சூரியனோட படம். சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் எதிர்ல வெளிய இருக்கறதோட படத்தை தலைகீழா போடும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இப்னு அல் ஹைதம்ங்கிற அரபு விஞ்ஞானி இதை உக்காந்து ஆராய்ஞ்சிருக்கார், கிரகணத்தப்ப ஓட்டை வழியா விழற வெளிச்சம் பிறையா தெரியறதுக்கு தனியா ஒரு நூலே எழுதிருக்கார். நான் காசு குடுத்து கேட்டது இருட்டு, வந்தது நாலஞ்சு சூரியன்.

இதுல கொடுமை என்னன்னா அந்த வட்டம் சும்மா இருக்காது. சூரியன் மேல ஏற ஏற அது சுவத்துல இறங்கும், இறங்கி இறங்கி எட்டு மணிக்கு கரெக்டா என் கண்ணு மேல வந்து உக்காரும். அலாரம் கூட அவ்ளோ கரெக்டா அடிக்காது.

லீவுக்கு அக்கா பொண்ணு வந்திருந்தா, ஏழாவது படிக்கறா. ஒரு நாள் காலைல நான் வந்து படுத்த கையோட ரூமுக்குள்ள வந்து இந்த வட்டத்தைப் பாத்துட்டா, அவ்ளோதான், தூக்கம் போச்சு. பென்சில் எடுத்து வட்டத்தோட ஓரத்துல ஒரு கோடு போட்டா, மணி ஏழு. பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு கோடு. ஸ்கேல் வச்சு அளந்தா 14 செமீ. அப்ப நிமிஷத்துக்கு 1.4 செமீ. நத்தை கூட தோத்துடாது. நான் பாதி தூக்கத்துல "சரி, வெளிச்சம் ஊர்ந்து போகுது, நீயும் போ"ன்னேன். அவ போகல. "மாமா, வட்டம் போன இடத்துல இருட்டு வந்துடுச்சுல்ல, அப்ப இருட்டும் அதே 1.4 செமீ தான. வெளிச்சத்தோட வேகம் செகண்டுக்கு மூணு லட்சம் கிலோமீட்டர்னு படிச்சோம். இருட்டோட வேகம் எவ்ளோ?"

நான் எந்திரிச்சு உக்காந்துட்டேன். இந்த கேள்விக்கு "இருட்டுன்னு ஒண்ணு கிடையாது, அது வெளிச்சம் இல்லாததுதான்"னு சொல்லி கையைக் கழுவிடலாம், நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க, தப்பும் இல்ல, ஆனா அது பதிலே இல்ல. ட்யூபுல தண்ணி நின்னதும் ஓட்டை வழியா கடைசி சொட்டு போகறதை பாக்கறோம்ல, தண்ணி இல்லாதது எப்ப வந்துச்சுன்னு கேட்டா நேரம் சொல்ல முடியும்ல. அவகிட்ட ரயிலைச் சொன்னேன். ஒரு நீளமான கூட்ஸ் வண்டி போகுது, கடைசி பெட்டி உன்னைத் தாண்டினதும் தண்டவாளம் காலி. அந்த "காலி" எவ்ளோ வேகத்துல முன்னாடி போகுது? கடைசி பெட்டி போற வேகத்துல. காலிக்குன்னு தனி இன்ஜின் கிடையாது. அதே மாதிரி விளக்கை அணைச்சா கடைசியா கிளம்பின வெளிச்சத்தோட முதுகுக்குப் பின்னாடி இருட்டு, ரெண்டும் ஒரே வேகம், செகண்டுக்கு 29,97,92,458 மீட்டர். சூரியன் இந்த நிமிஷம் அணைஞ்சு போச்சுன்னு வை, நமக்கு இருட்ட 8 நிமிஷம் 20 செகண்டு கிட்ட ஆகும், அதுவரைக்கும் அந்த வட்டம் பாட்டுக்கு சுவத்துல இறங்கிட்டே இருக்கும்.

உடனே போய் ரூம் லைட்டை போட்டு அணைச்சா. எல்இடி ஒரு நொடி மினுக்குன்னு மங்கலா இருந்துட்டு அப்புறம் செத்துச்சு. "மெதுவாத்தான் வருது"ன்னா. அது விளக்கோட கோளாறு, உள்ள இருக்கற சர்க்யூட்ல மிச்சம் இருக்கற கரண்ட் தீர்ற வரைக்கும் மினுக்கும், பழைய குண்டு பல்புன்னா உள்ள இருக்கற கம்பி ஆறணும். விளக்கு நிஜமா நின்னதுக்கு அப்புறம் கணக்கே வேற. வெளிச்சம் ஒரு நானோ செகண்டுல (ஒரு செகண்டுல நூறு கோடில ஒரு பங்கு) 30 செமீ போகும், எங்க ரூம் குறுக்கே 3 மீட்டர், அதாவது 10 நானோ செகண்டு. சுவர்ல பட்டு திரும்பி, எதிர் சுவர்ல பட்டு திரும்பி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுவரே தின்னுடும், அப்படியே தேஞ்சு தேஞ்சு ஒரு மைக்ரோ செகண்டுக்குள்ள, அதாவது ஆயிரம் நானோ செகண்டுக்குள்ள, எல்லாம் முடிஞ்சிடும். அப்புறம் நமக்கு இருட்டு "வர்றதுக்கு" ஆகற நேரம் பூரா கண்ணோட நேரம்தான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம் ஒண்ணு இருக்கு, அதை அவகிட்ட சொல்லாம விட முடியல. வெளிச்சத்துக்கு வேகம்னு ஒண்ணு இருக்குங்கிறதையே மனுஷன் இருட்டை வச்சுதான் கண்டுபிடிச்சான். வியாழனோட நிலாக்கள்ல ஐயோன்னு ஒண்ணு (ஆமா, பேரே அதுதான்). அது 42 மணி நேரம் சொச்சத்துக்கு ஒரு தடவை வியாழனைச் சுத்தி வரும், ஒவ்வொரு சுத்துலயும் வியாழனோட நிழலுக்குள்ள போய் அணைஞ்சு மறுபடி வெளிய வரும். வானத்துல ஒரு கடிகாரம் மாதிரி. 17ஆம் நூற்றாண்டுல பாரிஸ் அப்சர்வேட்டரில உக்காந்து இதை குறிச்சு வச்சாங்க, ஆனா கடிகாரம் சொதப்புது. பூமி வியாழனை நெருங்கி வர்ற மாசங்கள்ல ஐயோ அணையறது கணக்குக்கு முன்னாடியே தெரியுது, விலகிப் போற மாசங்கள்ல அது திரும்ப எரியறது கணக்குக்கு லேட்டா தெரியுது. ஓலே ரோமர்ங்கிற டென்மார்க்காரர் 1676ல சொன்னார், கடிகாரம் சரியாத்தான் ஓடுது, சேதி வந்து சேரத்தான் நேரம் ஆகுதுன்னு. நல்லா கவனிங்க, நெருங்கறப்ப அவங்க பாத்தது வெளிச்சம் வந்து சேர்றதை இல்ல, வெளிச்சம் நின்னு போன சேதி வந்து சேர்றதை. இருட்டு வந்த நேரத்தைக் குறிச்சுதான் கணக்கு போட்டிருக்காங்க. பூமியோட சுத்துப்பாதைக்கு குறுக்கே போக வெளிச்சத்துக்கு 22 நிமிஷம்னு அவருக்கு வந்துச்சு, நிஜத்துல பதினாறரை நிமிஷம் சொச்சம், அந்தக் காலத்து டெலஸ்கோப்புக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

அதுக்கப்புறம் 1849ல ஃபீஸோன்னு ஒருத்தர், பிரான்ஸ்காரர், பூமிலயே அளந்தார். ஒரு பல்சக்கரம், 720 பல்லு. பல்லுக்கு நடுவுல இருக்கற இடைவெளி வழியா வெளிச்சத்தை அனுப்பி, 8.6 கிலோமீட்டர் தள்ளி ஒரு கண்ணாடில பட்டு அதே வழியா திரும்ப வர வச்சார். சக்கரத்தை வேகமா சுத்த சுத்த, செகண்டுக்கு 12.6 சுத்து வந்தப்ப திரும்பி வர்ற வெளிச்சம் அடுத்த பல்லுல மோதி, பாக்கறவருக்கு இருட்டாயிடுச்சு. அந்த இருட்டுதான் பதில். செகண்டுக்கு 3,13,000 கிலோமீட்டர்னு வந்துச்சு, உண்மைக்கு நாலஞ்சு சதவீதம்தான் கூட. வெளிச்சத்தை ஸ்டாப்வாட்ச் வச்சு பிடிக்க முடியாது, அது இல்லாமப் போற நிமிஷத்தைத்தான் பிடிக்கலாம். பள்ளிக்கூடத்துல எனக்கு இதை யாரும் இப்படி சொல்லித் தரல, மூணு லட்சம்னு மனப்பாடம் பண்ண வச்சதோட சரி.

அவ விடல. "அப்ப சுவத்துல போற 1.4 செமீ என்ன கணக்கு? அதுவும் இருட்டுதான?" நல்ல கேள்வி, நானும் இதுலதான் தடுமாறினேன். ஓடுற சீரியல் லைட்டு பாத்திருப்பீங்க. வெளிச்சம் ஓடுற மாதிரி இருக்கும், நடுவுல இருட்டு இடைவெளியும் அது கூடவே ஓடும், ஆனா எந்த பல்பும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்காது. சுவத்துல ஊர்ற வட்டமும் அந்த மாதிரிதான், இந்த நிமிஷம் இங்க விழற வெளிச்சம் வேற, அடுத்த நிமிஷம் அங்க விழப்போற வெளிச்சம் வேற, எதுவும் சுவர் மேல பயணம் பண்ணல. அதனால இந்த ஓரத்துக்கு வேகக் கட்டுப்பாடும் கிடையாது. எங்க சுவத்துல அது வெளிச்சத்தை விட லட்சம் கோடி மடங்குக்கும் மேல மெதுவு. இப்ப ராத்திரி ஒரு டார்ச்சை தரைல செங்குத்தா வச்சுட்டு நீங்க போய் தூங்கிடுங்க. பூமி சுத்துது, டார்ச்சும் கூட சுத்துது, அது அடிக்கற வெளிச்சம் நெப்டியூன் இருக்கற தூரத்துல, அதாவது 450 கோடி கிலோமீட்டர்ல, வானத்தைத் துடைச்சுட்டுப் போற வேகம் பூமத்திய ரேகைல இருந்து கணக்கு போட்டா செகண்டுக்கு 3,28,000 கிலோமீட்டர் கிட்ட. வெளிச்சத்தையே தாண்டிடுச்சு! டார்ச் கண்ணாடி நடுவுல ஒரு ஸ்டிக்கரை ஒட்டினா அந்த நிழலும் அதே வேகம். (அவ்ளோ தூரத்துல நிழலாவது வெளிச்சமாவது, எல்லாம் கரைஞ்சு போயிருக்கும், கணக்குக்குத்தான் சொல்றேன்.) எந்தப் பொருளும் சேதியும் வெளிச்சத்தை விட வேகமா போக முடியாதுன்னு சொன்ன ஐன்ஸ்டைன் கோச்சுக்க மாட்டார், ஏன்னா அந்த நிழல்ல ஏறி உக்காந்து ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஒரு "ஹலோ" கூட அனுப்ப முடியாது. டார்ச்ல இருந்து கிளம்பின ஒவ்வொரு துளி வெளிச்சமும் நேரா மேல, தன்னோட வேகத்துலதான் போயிட்டிருக்கு.

மெதுவான இருட்டும் இருக்கு. பூமத்திய ரேகைல ராத்திரியோட ஓரம் மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல வரும், நிலாவுல மணிக்கு 15 கிலோமீட்டர்தான், சைக்கிள் மிதிச்சா ராத்திரி உங்களைப் பிடிக்கவே பிடிக்காது. 1973 ஜூன் 30 சூரிய கிரகணத்தன்னிக்கு விஞ்ஞானிங்களை ஏத்திட்டு ஒரு கான்கார்ட் விமானம் நிலாவோட நிழலுக்குள்ளயே பறந்து 74 நிமிஷம் முழு கிரகணத்தை பாத்துச்சு, கீழ தரைல நின்னவங்களுக்கு அதிகபட்சம் கிடைச்சது 7 நிமிஷம் சொச்சம். இதைச் சொன்னதும் அவ மூஞ்சிய பாக்கணுமே. நிழலைத் துரத்தின கதை அவளுக்கு ரோமரை விட பிடிச்சிருந்துச்சு.

சரி, கர்ட்டன். தையல் ஓட்டை பத்தி கஸ்டமர் கேருக்கு போட்டோவோட எழுதினேன், "துணி 100% பிளாக்அவுட், தையலுக்கு கேரண்டி கிடையாது"ன்னு பதில். தையல் இல்லாம துணிய எப்படிய்யா தொங்க விடறதுன்னு கேட்டேன், டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க. மாத்தி அனுப்பற தேதியும் தாண்டிடுச்சு. நானே பின்பக்கம் தையல் மேல கருப்பு துணி டேப் ஒட்டினேன், முக்காவாசி போச்சு, ஓரத்துல சுவத்தோட வெல்க்ரோ ஒட்டினதுல பக்கவாட்டு வெளிச்சமும் நின்னுச்சு. இப்ப அரை மணி நேரம் கழிச்சும் சட்டை தெரியறதில்ல. வாஷிங் மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்க, ஒரு தடவை போட்டதுக்கே பூச்சு வெடிச்சு கீழ் மூலைல கோடு விழுந்துடுச்சு, ஈரத்துணில துடைச்சா போதும். வெயில் உள்ள வராததால ரூம் சூடு குறைஞ்சிருக்கு, அது எதிர்பாக்காத லாபம். வாங்கறதா இருந்தா தையல் ஓரத்தை மடிச்சு மேல இன்னொரு பட்டை வச்சிருக்கற மாடலா பாருங்க, இல்லன்னா டேப்பும் சேத்து ஆர்டர் பண்ணிடுங்க.

ஒரே ஒரு ஓட்டைய மட்டும் அடைக்கல. வலது மூலைல இருக்கறது, அதோட வட்டம் என் மூஞ்சிக்கு வராம பீரோ மேல இறங்கிப் போயிடும். அக்கா பொண்ணு ஊருக்கு கிளம்பறப்ப அதுக்குக் கீழ பென்சில்ல "தொடாதே"ன்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கா, அடுத்த சூரிய கிரகணம் காலைல வந்தா வட்டம் பிறையா மாறும்ல, போட்டோ எடுத்து அனுப்பணுமாம்.